அணி போனது, பெயர்கள் தங்கின

அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரம் தன் ஹாக்கி அணியை 1997இல் இழந்தது. அதன் நட்சத்திரங்களை மற்ற நகரங்கள் சொந்தம் கொண்டாடுகின்றன. யாரும் கேட்காத வீரர்களின் பெயர்களை மட்டும் இந்த ஊர் விட்டுக்கொடுக்கவில்லை.

பாஸ்டனுக்கும் நியூயார்க்குக்கும் ஏறக்குறைய நடுவில், கனெக்டிகட் ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கிறது ஹார்ட்ஃபோர்டு. கனெக்டிகட் மாநிலத்தின் தலைநகரம். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 1 லட்சத்து 21 ஆயிரம். தமிழ்நாட்டில் என்றால் ஒரு நடுத்தர ஊர், அவ்வளவுதான். ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் புஷ்னெல் பூங்கா. அதன் மேட்டில் தங்கக் கும்மட்டத்துடன் சட்டமன்றம். கொஞ்சம் நடந்தால் டிராவலர்ஸ் காப்பீட்டு நிறுவனத்தின் கோபுரம். மேற்கே போகும் ஃபார்மிங்டன் சாலையில் ஈட்னா காப்பீட்டு நிறுவனத்தின் செங்கல் மாளிகை. அதே சாலையில் இன்னும் சற்றுத் தள்ளி, மார்க் ட்வைன் 1874 முதல் 1891 வரை வாழ்ந்த வீடு.

தீ, கப்பல், விபத்து, மரணம் என்று அமெரிக்கர்களின் அச்சங்களுக்கெல்லாம் பிரீமியம் நிர்ணயித்து வளர்ந்த நகரம் இது. நாட்டின் காப்பீட்டுத் தலைநகர் என்ற பட்டப்பெயரும் உண்டு. பகலில் புறநகர்களிலிருந்து கார்களில் வந்து குவியும் குமாஸ்தாக்களும் அதிகாரிகளும் மாலை ஆனதும் கிளம்பிவிடுவார்கள். நகரின் நடுப்பகுதி வெறிச்சோடிவிடும். அவர்களை இரவிலும் அங்கே பிடித்து வைத்த ஒரே விஷயம், 22 ஆண்டுகள் இங்கே தங்கியிருந்த ஒரு ஹாக்கி அணி. அதன் பெயர் வேலர்ஸ். அதாவது, திமிங்கில வேட்டைக்காரர்கள்.

அந்த அணி இன்று இல்லை. ஆனால் நகரில் இரண்டு நடுத்தர வயதுக்காரர்கள் ஒரு மேஜையில் சேர்ந்தால் அது திரும்பி வந்துவிடுகிறது. அப்போது நடக்கும் விளையாட்டு ஒன்றுதான்: யாருக்கும் நினைவில்லாத ஒரு வீரரின் பெயரை ஒருவர் சொல்ல வேண்டும்; அவரது சட்டை எண்ணை மற்றவர் சொல்ல வேண்டும். பெரிய பெயர்களுக்கு இதில் மதிப்பில்லை. எத்தனைக்கெத்தனை தெரியாத பெயரோ அத்தனைக்கத்தனை மரியாதை.

பனியில் ஒரு ஹாக்கி

இது தியான் சந்தின் ஹாக்கி அல்ல. மட்டையைத் தவிர இரண்டுக்கும் ஒற்றுமை குறைவு. பனித்தளத்தின் மீது, காலில் கத்தி பொருத்திய காலணிகளுடன் சறுக்கிக்கொண்டே, பந்துக்குப் பதிலாக ஒரு ரப்பர் வட்டை அடித்து ஆடுவது. கோல்கீப்பரையும் சேர்த்து ஒரு நேரத்தில் களத்தில் 6 பேர். ஆனால் ஓர் ஆட்டத்துக்கு உடை மாட்டி உட்காருபவர்கள் 20 பேர். ஒருவரால் முழு வேகத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் தாக்குப்பிடிக்க முடியாது என்பதால் வீரர்கள் மாறி மாறி இறங்குகிறார்கள். மூன்று மூன்று பேராக நான்கு வரிசை முன்கள வீரர்கள். முதல் வரிசை கோல் போடும். பத்திரிகைகளில் படம் வரும். மூன்றாவது, நான்காவது வரிசைகளின் வேலை வேறு. எதிரணியின் நட்சத்திரத்தை நகரவிடாமல் தடுப்பது, வட்டின் குறுக்கே விழுவது, அடி வாங்குவது, சில சமயம் அடிப்பது.

அவர்களுக்கு 60 நிமிட ஆட்டத்தில் கிடைப்பது சில நிமிடங்கள். அடுத்த சீசனில் பாதிப் பேர் வேறு ஊரில் இருப்பார்கள். மறக்கப்படுவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது போன்ற வேலை இது. ஹார்ட்ஃபோர்டின் ரசிகர்கள் நினைவில் வைத்திருப்பது பெரும்பாலும் இவர்களைத்தான்.

கூரை விழுந்த இரவு

வேலர்ஸ் அணி பிறந்தது ஹார்ட்ஃபோர்டில் அல்ல, பாஸ்டனில். வட அமெரிக்காவின் பெரிய தொழில்முறை அமைப்பான நேஷனல் ஹாக்கி லீக்குக்குப் போட்டியாக 1972இல் வேர்ல்டு ஹாக்கி அசோசியேஷன் தொடங்கியபோது, அதில் நியூ இங்கிலாந்து வேலர்ஸ் என்ற பெயரில் சேர்ந்தது. நியூ இங்கிலாந்துக் கடற்கரை 19ஆம் நூற்றாண்டில் திமிங்கில வேட்டைக்குப் பேர்போனது; கனெக்டிகட்டின் நியூ லண்டன் துறைமுகம் அதில் முக்கியமானது. வேலர்ஸ் என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் மூன்று எழுத்துகள் புதிய அமைப்பின் பெயர்ச்சுருக்கமாகவும் அமைந்தது கூடுதல் வசதி. முதல் ஆண்டே, 1973இல், அந்த அமைப்பின் கோப்பையை வென்றது. ஆனால் பாஸ்டனில் புரூயின்ஸ் என்ற பழம்பெரும் அணியின் நிழலில் கூட்டம் சேரவில்லை. 1975 ஜனவரியில் ஹார்ட்ஃபோர்டில் புதிதாகத் திறக்கப்பட்ட சிவிக் சென்டர் அரங்குக்குக் குடிபெயர்ந்தது. அரங்கை ஒட்டியே ஒரு வணிக வளாகம். துணிக்கடையைக் கடந்து ஹாக்கிக்குப் போகலாம்.

1978 ஜனவரி 18ஆம் தேதி அதிகாலை, பனி குவிந்திருந்த நேரத்தில், 1,400 டன் எடையுள்ள அரங்கின் கூரை அப்படியே உள்ளே விழுந்தது. அதற்குச் சில மணி நேரம் முன்புதான் ஒரு கூடைப்பந்து ஆட்டம் பார்த்த சுமார் 5 ஆயிரம் பேர் வீட்டுக்குப் போயிருந்தார்கள். ஒருவருக்கும் காயமில்லை. கூரையின் இரும்புச் சட்டகம் கணினி உதவியுடன் வடிவமைக்கப்பட்டது. மேல்தண்டுகளுக்குப் போதிய பிடிமானம் கொடுக்காததே காரணம் என்று பின்னர் விசாரணைகள் கண்டன. ஆபத்தைக் கணக்கிடுவதையே தொழிலாகக் கொண்ட நகரத்தின் மையத்தில், கணக்குத் தவறி விழுந்த கூரை அது.

அடுத்த இரண்டு ஆண்டுகள் அணி அகதியாயிற்று. வடக்கே சுமார் 40 கிலோமீட்டரில், பக்கத்து மாநிலமான மாசச்சூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஆடியது. ஹார்ட்ஃபோர்டின் தீவிர ரசிகர்கள் 91ஆம் எண் நெடுஞ்சாலையில் பனியிலும் இருட்டிலும் கார் ஓட்டிப் போய்ப் பார்த்தார்கள். அவர்களுக்கு '91 கிளப்' என்றே பெயர் விழுந்தது. பல ஆண்டுகள் கழித்தும் அந்தப் பட்டம் ஒரு தியாகி சான்றிதழ் போலத்தான். எல்லாரும் வரும்போது வருவது பெரிதில்லை. கூரை இல்லாதபோது வந்தவர்கள் யார் என்பதே கேள்வி.

பெரியவர்களின் நிழலில்

1979இல் போட்டி அமைப்பு கலைந்தது. அதிலிருந்து எட்மன்டன், கியூபெக், வினிபெக், ஹார்ட்ஃபோர்டு ஆகிய நான்கு அணிகள் நேஷனல் ஹாக்கி லீக்கில் சேர்க்கப்பட்டன. 'நியூ இங்கிலாந்து' என்ற பெயருக்குப் பாஸ்டன் அணி ஆட்சேபம் தெரிவித்ததால், அணி ஹார்ட்ஃபோர்டு வேலர்ஸ் ஆனது. ஒரு பெரிய அணி சின்ன ஊரின் பெயரை விரும்பி அல்ல, வேறு வழியின்றி ஏற்றது. ஊருக்கோ அதுவே பெருமையாகிவிட்டது. பீட்டர் குட் என்ற வடிவமைப்பாளர் உருவாக்கிய சின்னத்தில் பச்சை நிறத்தில் ஆங்கில 'டபிள்யூ', நீல நிறத்தில் திமிங்கிலத்தின் வால், இரண்டுக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தில் ஆங்கில 'எச்'. வெற்றிடத்தில்தான் நகரத்தின் பெயர் ஒளிந்திருக்கிறது.

அந்த முதல் சீசனில் உலகம் பார்த்தது முதியவர்களை. ஹாக்கியின் மாபெரும் பெயரான கார்டி ஹவ், தன் மகன்கள் மார்க், மார்ட்டி இருவருடனும் ஒரே அணியில் ஆடினார். சீசன் முடிவதற்குள் அவருக்கு 52 வயது நிறைந்தது. 80 ஆட்டங்களிலும் இறங்கி 15 கோல் போட்டார். பாபி ஹல் என்ற இன்னொரு மேதையும் கடைசி 9 ஆட்டங்களை இந்தச் சட்டையில்தான் ஆடி முடித்தார். இவர்களைப் பற்றிப் புத்தகங்கள் இருக்கின்றன. ஆனால் ஹவ் டெட்ராய்ட்டின் சொத்து. ஹல் சிகாகோவின் சொத்து. ஹார்ட்ஃபோர்டு அவர்களுக்குக் கடைசி ரயில் நிலையம்.

உள்ளூர் நினைவு வேறு இடத்தில் நிற்கிறது. அதே அணியில் கார்டி ராபர்ட்ஸ் என்ற தடுப்பாட்டக்காரர் இருந்தார். டெட்ராய்ட்டில் 1957இல் பிறந்தவர். அங்கே அப்போது தெய்வமாக இருந்த கார்டி ஹவ்வின் பெயரைத்தான் பெற்றோர் அவருக்கு வைத்தார்கள். வளர்ந்து வந்து, யாருடைய பெயரைத் தாங்கினாரோ அவருடனேயே ஒரே அணியில் ஆடினார். எம்.ஜி.ஆரின் பெயர் சூட்டப்பட்ட பிள்ளை வளர்ந்து அவருடனேயே ஒரு படத்தில் நடித்த மாதிரி. பின்னாளில் ஆயிரம் என்.எச்.எல். ஆட்டங்கள் ஆடிய முதல் அமெரிக்கராகவும் அவர் ஆனார். ஹார்ட்ஃபோர்டுக்கு வெளியே அவரை யாருக்கும் நினைவில்லை.

பிளேன் ஸ்டாட்டனின் கதையும் அப்படியே. அந்த 1979-80 சீசனில் 56 கோல் போட்டு, லீக்கிலேயே அதிக கோல் போட்டவர்கள் வரிசையில் வேறு இருவருடன் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டவர். இரண்டு ஆண்டுகள் கழித்து மறுபடியும் 52. அவருக்குப் பந்தி வைத்தவர் போல நின்று பரிமாறியது மைக் ராஜர்ஸ் என்ற குள்ளமான வீரர். முதல் இரண்டு சீசன்களிலும் ராஜர்ஸ் எடுத்த புள்ளிகள் தலா 105. என்.எச்.எல்.லில் தன் முதல் மூன்று ஆண்டுகளிலும் நூறைத் தாண்டியவர்கள் என்று ஒரு சிறு பட்டியல் உண்டு. அதில் வேய்ன் கிரெட்ஸ்கி இருக்கிறார். பீட்டர் ஸ்டாஸ்ட்னி இருக்கிறார். மைக் ராஜர்ஸும் இருக்கிறார். முதல் இருவருக்கும் புகழ் மண்டபத்தில் இடம் உண்டு. மூன்றாமவரின் பெயரைச் சொன்னால் கனெக்டிகட்டுக்கு வெளியே புருவம் உயரும். 1981இல் அணி அவரை நியூயார்க்குக்கு அனுப்பிவிட்டது. அதை இன்றைக்கும் சொந்த வீட்டுத் திருட்டு போலப் பேசும் ரசிகர்கள் இருக்கிறார்கள்.

ஜார்டி டக்ளஸ் என்றொருவர். முதல் சீசனில் 33 கோல் போட்டார். அடுத்த சீசன்களில் அந்த எண்ணின் பக்கத்திலேயே வரவில்லை. ஒரே ஒரு நல்ல வருடம் வாய்த்த மனிதர்களை ஒரு நகரம் நினைவில் வைத்துக்கொள்வது ஒரு வகையில் கருணை. அந்த நல்ல வருடம் தங்கள் கண்ணெதிரே நடந்தது என்பதில் கொஞ்சம் கர்வமும் இருக்கிறது.

வானொலியில் கேட்ட பெயர்கள்

பிறகு வந்தது பஞ்ச காலம். 1982-83 சீசனில் 80 ஆட்டங்களில் 19 வெற்றி, 54 தோல்வி. டிக்கெட் வாங்கியவர்களே வருவதற்குத் தயங்கிய குளிர்காலம். அப்போது அணியைப் பலரும் பார்த்ததைவிடக் கேட்டதே அதிகம். 1979 முதல் வானொலி வர்ணனை செய்த சக் கெய்ட்டன், எந்த அணி எந்தப் பக்கம் ஆடுகிறது என்பதை வானொலிப் பெட்டியின் எண் பலகையில் இடமிருந்து வலமாகவா, வலமிருந்து இடமாகவா என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்குவார். சமையலறையிலும் காரிலும் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு வானொலிப் பெட்டியே பனித்தளம் ஆயிற்று.

காதால் கேட்டுப் பழகியவர்களுக்கு எல்லாப் பெயரும் ஒரே அளவுதான். தொலைக்காட்சி கேமரா நட்சத்திரத்தைத் துரத்தும். வர்ணனையாளரோ வட்டு யாரிடம் இருக்கிறதோ அவர் பெயரைச் சொல்லியே ஆகவேண்டும். நான்காம் வரிசைக்காரரின் பெயர் குமாஸ்தா வீட்டுக் குழந்தையின் தூக்கத்துக்குள் புகுந்தது இப்படித்தான். கோல் விழுந்ததும் 'பிராஸ் பொனான்சா' என்ற எக்காளப் பண்ணை அரங்கில் ஒலிக்கவிடுவார்கள். பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜாக் இசாயி இசையமைத்தது. வேறு ஊர்க்காரர்கள் அதைக் கேலி செய்தார்கள். தோற்றுக்கொண்டிருக்கும்போதும் கொண்டாட்டப் பாட்டு போடுகிறார்கள் என்று. ஹார்ட்ஃபோர்டில் கல்யாண மேளம் கேட்டது போல எழுந்து நிற்பார்கள்.

பாப் கிராஃபோர்டு அந்தப் பஞ்ச காலத்தின் மனிதர். 1983-84 சீசனில் 36 கோல் போட்டார். அவரது வாழ்க்கையில் அதுவே உச்சம். ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றபின் கனெக்டிகட்டிலேயே தங்கி, பனித்தளங்கள் நடத்தினார். உள்ளூர்ப் பிள்ளைகள் சறுக்கக் கற்றது அங்கே. அவர்களில் பலருக்கு அவர் போட்ட 36 கோல்களைப் பற்றி யாரோ ஒரு மாமா சொல்லித்தான் தெரிந்திருக்கும்.

தோற்றதற்கு ஓர் ஊர்வலம்

1986 வசந்தத்தில் ஹார்ட்ஃபோர்டு முதல் சுற்றில் கியூபெக் அணியை மூன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்கடித்தது. அடுத்த சுற்றில் மாண்ட்ரியலுடன் ஏழு ஆட்டங்கள். ஏழாவது ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. கிளாட் லெமியூ போட்ட கோலில் ஹார்ட்ஃபோர்டு தோற்றது. மாண்ட்ரியல் அந்த ஆண்டு ஸ்டான்லி கோப்பையை வென்றது. இரண்டாவது சுற்றிலேயே வெளியேறிய அணிக்கு ஹார்ட்ஃபோர்டு என்ன செய்தது? தெருக்களில் ஊர்வலம் நடத்தியது. ஆயிரக்கணக்கானோர் திரண்டு வந்து வரவேற்றார்கள். மற்ற நகரங்கள் இன்றும் இதைச் சொல்லிச் சிரிக்கின்றன. நேஷனல் ஹாக்கி லீக்கில் வேலர்ஸ் வென்ற ஒரே பிளே-ஆஃப் சுற்று அந்தக் கியூபெக் சுற்றுதான் என்று தெரிந்தால் அந்த ஊர்வலத்தின் நியாயம் புரியும். கிடைத்ததைக் கொண்டாடாமல் இருந்திருந்தால் கொண்டாட எதுவுமே இருந்திருக்காது.

அந்த சீசனில் டாரி ராபர்ட்சன் என்ற முரட்டு வீரர் வாங்கிய தண்டனை நிமிடங்கள் 358. ஆட்டத்துக்கு 60 நிமிடம் என்று கணக்கிட்டால் கிட்டத்தட்ட ஆறு முழு ஆட்டங்கள். தன் அணியின் இளம் நட்சத்திரம் ரான் ஃபிரான்சிஸைத் தொட நினைப்பவர்கள் முதலில் தன்னைத் தாண்டவேண்டும் என்பது அவரது உத்தியோக விவரம். டீன் எவசன், டேவ் டிப்பெட், பால் மெக்டெர்மிட் என்று அந்த அணியின் மற்ற பெயர்கள் ஹார்ட்ஃபோர்டில் உறவினர் பெயர்கள் போலப் புழங்கின. தடுப்பாட்டக்காரர் ஜோயல் குவென்வில் பின்னாளில் சிகாகோவுக்கு மூன்று கோப்பைகள் வாங்கித் தந்த பயிற்சியாளர். டிப்பெட், எவசன், கெவின் டினீன் ஆகியோரும் என்.எச்.எல். அணிகளின் தலைமைப் பயிற்சியாளர்களானார்கள். ஒரே ஒரு சுற்று வென்ற அணியிலிருந்து இத்தனை ஆசான்கள்.

டக் ஜார்விஸின் முடிவு அப்படிப்பட்ட மனிதர்களின் விதியைச் சொல்லும். 1975இல் மாண்ட்ரியலில் ஆடத் தொடங்கிய நாளிலிருந்து அவர் ஓர் ஆட்டத்தையும் தவறவிட்டதில்லை. 1986 டிசம்பரில் ஹார்ட்ஃபோர்டு சட்டையில் பழைய சாதனையை முறியடித்தார். தொடர்ச்சியாக 964 ஆட்டங்கள். 1987 அக்டோபரில் அது நின்றது. காயத்தால் அல்ல. ஒருநாள் ஆடுவோர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. 2022இல் கீத் யாண்டில் தாண்டும் வரை அந்தச் சாதனை நிலைத்திருந்தது.

ஒரு பேரத்தின் சில்லறை

1991 மார்ச் 4ஆம் தேதியை ஹார்ட்ஃபோர்டில் துக்க நாள் போலச் சொல்வார்கள். ரான் ஃபிரான்சிஸ், உல்ஃப் சாமுவெல்சன், கிராண்ட் ஜென்னிங்ஸ் மூவரையும் பிட்ஸ்பர்க் அணிக்குக் கொடுத்துவிட்டு, ஜான் கல்லன், சார்லி சலாப்ஸ்கி, ஜெஃப் பார்க்கர் மூவரையும் வாங்கினார்கள். பிட்ஸ்பர்க் அந்த ஆண்டே கோப்பையை வென்றது. மறு ஆண்டும் வென்றது. பத்தாண்டுகள் தங்கள் கண்முன் வளர்ந்த பிள்ளை வேறு வீட்டில் விளக்கேற்றிய கதை.

இந்தப் பேரத்தைப் பற்றிப் பேசுபவர்கள் முதல் இரண்டு பெயர்களோடு நிறுத்திக்கொள்வார்கள். கடைசிப் பெயரை ஹார்ட்ஃபோர்டில்தான் கேட்க முடியும். ஜெஃப் பார்க்கர் இந்த அணிக்காக ஆடியது விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்டங்கள். அந்த சீசனில் பட்ட அடியோடு அவரது என்.எச்.எல். வாழ்க்கை முடிந்துபோனது. 2017இல் 53ஆம் வயதில் இறந்தார். அவரது மூளையை ஆராய்ந்த பாஸ்டன் பல்கலைக்கழக மருத்துவர்கள், தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் சிதைவு நோய் அதில் இருந்ததைக் கண்டறிந்தார்கள். உயிரோடு இருக்கும்போது கண்டுபிடிக்க முடியாத நோய் அது. கோப்பைகளின் வரலாற்றில் அவர் ஒரு பேரத்தின் சில்லறை. மறக்கப்பட்டவர்களை நினைப்பது வெறும் பொழுதுபோக்காக நிற்காத இடம் இது. ரசிகர்கள் கைதட்டிய அடிகளில் சிலவற்றின் விலை பல ஆண்டுகள் கழித்தே தெரிய வந்தது. யார் அந்த விலையைக் கொடுத்தார் என்று கேட்க, முதலில் அவர் பெயர் யாருக்காவது நினைவிருக்க வேண்டும்.

எண் 2 யாருடையது?

1994இல் டெட்ராய்ட்டைச் சேர்ந்த கணினித் தொழிலதிபர் பீட்டர் கார்மனோஸ், 4 கோடியே 75 லட்சம் டாலருக்கு அணியை வாங்கினார். புதிய அரங்கு வேண்டும் என்றார். மாநில அரசுடன் பேச்சு நடந்தது; முறிந்தது. 1997 மார்ச் 26இல் அணி வெளியேறுகிறது என்று அறிவிப்பு வந்தது. எங்கே போகிறது என்றுகூட அன்று முடிவாகவில்லை. ஏப்ரல் 13ஆம் தேதி கடைசி ஆட்டம். டாம்பா பே அணியை 2-1 என்று வென்றது ஹார்ட்ஃபோர்டு. கடைசி கோலைப் போட்டவர் கேப்டன் கெவின் டினீன். ஆட்டம் முடிந்தும் கூட்டம் கலையவில்லை. அதே சமயத்தில் லீக்கில் நுழைந்த கியூபெக், வினிபெக் அணிகளும் முந்தைய இரண்டு ஆண்டுகளில் ஊர் மாறிவிட்டிருந்தன. சின்ன நகரங்களுக்கு இந்த வியாபாரத்தில் இடமில்லை என்று ஆகிப்போன காலம்.

அணி வட கரோலினாவுக்குப் போய் கரோலினா ஹரிகேன்ஸ் ஆனது. ராலேயில் அரங்கு தயாராகும் வரை இரண்டு சீசன்கள் கிரீன்ஸ்பரோவில் பாதிக்கு மேல் காலியான இருக்கைகளுக்கு முன் ஆடியது. அதைக் கேட்டு ஹார்ட்ஃபோர்டில் சிலர் திருப்திப்பட்டிருக்கலாம். 2006இல் அந்த அணி ஸ்டான்லி கோப்பையை வென்றது. சட்டப்படியும் கணக்குப்படியும் அது அதே அணி. வேலர்ஸின் கோல்களும் புள்ளிகளும் அதன் ஏட்டில்தான் இருக்கின்றன.

ஏட்டில் எழுதப்படாத ஒன்று உண்டு. பெரிய வீரர்கள் ஓய்வு பெற்றால் அவர்களது எண்ணை இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று முடிவு செய்து, அரங்கின் உச்சியில் கொடியாகத் தொங்கவிடுவது அமெரிக்க வழக்கம். ஹார்ட்ஃபோர்டில் மூன்று கொடிகள் இருந்தன. ஹவ்வின் 9, ஜான் மெக்கென்சியின் 19, ரிக் லேயின் 2. ரிக் லே 1972இல் பாஸ்டனிலிருந்தே அணியோடு வந்தவர், என்.எச்.எல்.லில் அதன் முதல் கேப்டன். அணி தெற்கே போனதும் 19ஐயும் 2ஐயும் மறுபடி புழக்கத்தில் விட்டார்கள். எண் 2 கிளென் வெஸ்லிக்குப் போனது. வெஸ்லியும் ஹார்ட்ஃபோர்டில் ஆடியவர்தான். ஆனால் அங்கே அவர் அணிந்தது வேறு எண். ராலேயில் எண் 2 அணிந்து, கோப்பை வென்று ஓய்வு பெற்றார். 2009இல் அந்த எண்ணுக்கு மீண்டும் ஓய்வு கொடுத்தார்கள், இந்த முறை வெஸ்லிக்காக.

ஒரே அணி, ஒரே எண், இரண்டு நகரங்களில் இரண்டு மனிதர்கள். ரிக் லேக்குக் கோப்பை நகரத்தில் கொடி இல்லை. அவரை நினைக்கும் பொறுப்பு முழுவதும் ஹார்ட்ஃபோர்டின் தலையில் விழுந்தது. இந்த நகரத்தின் விசித்திர ஞாபகசக்திக்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. ஃபிரான்சிஸை ஹார்ட்ஃபோர்டு மறந்தாலும் பிட்ஸ்பர்க் நினைக்கும், ராலே நினைக்கும், புகழ் மண்டபம் நினைக்கும். 2006இல் ராலே, ஹார்ட்ஃபோர்டு இரண்டுமே அவரது எண் 10ஐக் கொடியாக ஏற்றின. பாப் கிராஃபோர்டையோ டாரி ராபர்ட்சனையோ ஹார்ட்ஃபோர்டு மறந்தால் வேறு யாரும் இல்லை. நட்சத்திரங்கள் பொதுச் சொத்து; மூன்றாம் வரிசைக்காரர்கள் தனிச் சொத்து. அணியை லாரிகளில் ஏற்றிக்கொண்டு போனவர்களுக்கு இவர்களை ஏற்றிப் போகத் தோன்றவில்லை.

பச்சைச் சட்டைகள்

ரசிகர் மன்றம் அணி போன பிறகும் கலைந்துவிடவில்லை. 1997 முதல் நியூயார்க் ரேஞ்சர்ஸின் துணை அணியான உல்ஃப் பேக் அதே அரங்கில் ஆடுகிறது. வேலர்ஸை நிறுவிய ஹோவர்ட் பால்ட்வின் திரும்பி வந்து, 2010 முதல் 2013 வரை அந்தத் துணை அணிக்குக் கனெக்டிகட் வேல் என்று பெயரிட்டுப் பார்த்தார். 2011 பிப்ரவரியில் கிழக்கு ஹார்ட்ஃபோர்டின் திறந்தவெளி மைதானத்தில் பனித்தளம் அமைத்து, பழைய வீரர்களைக் கூட்டிவந்து ஆடவிட்டார். பெயர் மறுபடி மாறியது. அரங்கை ஒட்டியிருந்த வணிக வளாகம் இடிக்கப்பட்டு, அங்கே 36 மாடிக் குடியிருப்பு எழுந்தது. அரங்கும் புதுப்பிக்கப்பட்டு, 2025இல் ஒரு வங்கியின் பெயரை ஏற்றது. 2023இல் அரிசோனா அணி ஊர் தேடிக்கொண்டிருந்தபோது கனெக்டிகட் ஆளுநர் நெட் லாமன்ட் ஹார்ட்ஃபோர்டுக்காகக் குரல் கொடுத்தார். அந்த அணி 2024இல் சால்ட் லேக் சிட்டிக்குப் போனது.

2018 டிசம்பர் 23இல் ராலேயில் ஹரிகேன்ஸ் வீரர்கள் வேலர்ஸின் பச்சைச் சட்டையை மாட்டிக்கொண்டு ஆடினார்கள். 'பிராஸ் பொனான்சா' ஒலித்தது. சட்டைகள் நன்றாக விற்றன. ஹார்ட்ஃபோர்டில் இதைப் பற்றி இரண்டு கட்சி. நம் சின்னம் மறுபடி பனியைத் தொட்டதே என்று ஒரு கட்சி. பறித்தவர்களே அதை விற்றுக் காசு பார்க்கிறார்கள் என்று இன்னொரு கட்சி.

இந்தியாவுக்கும் இது அந்நியமான விஷயமல்ல. 1975 உலகக் கோப்பை என்றால் கேப்டன் அஜீத்பால் சிங், இறுதி ஆட்டத்தில் கோல் போட்ட அசோக் குமார் என்று இரண்டு பெயர்கள் உடனே வரும். மூன்றாவது பெயருக்கு யோசிக்க வேண்டும். அந்த அணியில் சென்னையின் வி.ஜே. பிலிப்ஸும் இருந்தார் என்பது தமிழ்நாட்டிலேயே எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? கோப்பை வென்ற நாடு கோப்பையை நினைத்தால் போதும் என்று இருந்துவிடலாம். கோப்பை வெல்லாத ஹார்ட்ஃபோர்டுக்கு அந்த வசதி கிடைக்கவில்லை.

நெடுஞ்சாலைக்கு வடக்கே, நகர மையத்தில், ஒரு பேஸ்பால் மைதானம் இருக்கிறது. யார்டு கோட்ஸ் என்ற சிறிய அணி 2017 முதல் அங்கே ஆடுகிறது. வேலர்ஸின் நிறங்களைத் தழுவித்தான் அதன் பச்சையும் நீலமும். கோடைகாலத்தில் ஒரு வார இறுதியைப் பழைய வேலர்ஸ் வீரர்களுக்கென்று ஒதுக்குவது அங்கே வழக்கமாகியிருக்கிறது. மேஜை போட்டு உட்கார்ந்து கையெழுத்து போடுகிறார்கள். நரைத்த தலை, பெருத்த உடல், உடைந்து கூடிய மூக்கு. முன்னால் நீளும் வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேர், அணி போன பிறகு பிறந்தவர்கள். அப்பா சொல்லித் தந்த பெயரை அவர்கள் சரியாகச் சொல்கிறார்கள். சட்டை எண்ணோடு.